பட்டியலில் இல்லாத ஆட்டம்

1910 ஆகஸ்டு 8, திங்கள்

காலையில் மில் சங்கு ஊதுமுன் வீட்டுக்காரருக்குச் சட்டை போட்டுவிட்டேன். இடது கை மேலே எழும்பாது. முதலில் அந்தக் கையை நுழைத்து, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, பிறகு வலது கையை விட வேண்டும். இரண்டரை வருஷமாக இதுதான் பாடு. மில் வாசலில் காவல் நிற்கிறவர் சட்டை இல்லாமல் நிற்கக் கூடாதாம்.

நேற்று ஆராதனை முடிந்ததும் கிருபைராஜ் உபதேசியார் இந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அக்டோபர் மாசம் சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு மில் துரைமார் வருகிறார்கள். பதினைந்து வருஷம் மில் கட்சிக்குச் சடுகுடு ஆடினவருக்கு வெள்ளிப் பதக்கம் போடப்போகிறார்களாம். எந்த வருஷம், எந்த ஊர், ஜெயமா தோல்வியா என்று எழுதிக் கொடுத்தால் சபையில் வாசிப்பேன் என்றார். இவருக்கு எழுத வராது. எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூணாங்கிளாஸ் வரை. "தேவசிகாமணி பெருமையை சாலோமி எழுதுனா யாரு வேண்டாம்பா" என்று சிரித்தார்.

முன்பக்கத்திலிருந்து அவர் ஆட்டம். பின்பக்கத்திலிருந்து இது. இதை எதற்கு எழுதுகிறேன்? தம்பி நேசையா போனபிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. பிள்ளையும் இல்லை. அவரோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

ஆகஸ்டு 14, ஞாயிறு

ஒரு வருஷம்கூட அவருக்கு நேராக நினைவில்லை. உடம்பைப் பார்த்துத்தான் சொல்லுகிறார். இடது சுண்டுவிரல் கோணலைத் தடவிவிட்டு, "இது கல்லிடைக்குறிச்சி, நமக்குக் கல்யாணம் ஆன வருசம்" என்கிறார். அப்போ 1893. புருவத்துத் தழும்பு, பாபநாசம் விசுத் திருவிழா. விலாவில் இரண்டு எலும்பு, களக்காடு. முன்பல் போனது அம்பாசமுத்திரம். நான் நான்கு கோடு போட்டு வைத்திருக்கிறேன்: வருஷம், ஊர், முடிவு, காயம். காயம் எதற்கு என்றார். அது இல்லாமல் உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் வராதே என்றேன். சிரித்தார். எவ்வளவு நாளாச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்து.

அவர் பிடிகாரர். பாடிக்கொண்டு வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் ஆனைக்கால் சங்கிலி என்பார்கள். மில்லில் அவருக்கு வேலை கிடைத்ததே அந்தப் பிடிக்காகத்தான். பஞ்சுப் பொதி சுமக்கிற ஆள் என்று பேர். சுமந்தது பாதி நாள், ஆடினது பாதி நாள். மில் சம்பளம் வாங்குகிறவன் வேறு ஊருக்கு ஆடக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டு.

"தோளு?" என்று கேட்டேன். இடது தோளுக்கு ஆட்டமே சொல்லவில்லையே.

"அது வண்டியில விழுந்ததுல்லா. ஆட்டத்துல சேராது."

ஆமாம். மறந்துவிட்டேன்.

ஆகஸ்டு 21, ஞாயிறு

நேசையா வந்த வருஷங்களுக்கு வந்துவிட்டோம். 1904இலிருந்து பட்டியலில் அவன் பேரும் வருகிறது. எழுதும்போது கை நின்று நின்று போகிறது.

அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயசு. எனக்குப் பதினாலு. கல்யாணத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்தேன். சீதனத்தோடு மச்சினனையும் கொண்டாந்துட்டாள் என்று கேலி பேசினார்கள். இவரோ தன் தட்டில் வைத்தே சோறு ஊட்டினார். வளர்ந்தபின் மில்லில் நூல் சுற்றும் வேலையில் சேர்த்துவிட்டார். ஆட்டமும் அவர் பழக்கினதுதான்.

அவன் பாட்டுக்காரன். எதிர்க்கட்சிக்குள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பிடித்துவிட்டால் பாட்டு நிற்கிறவரை அமுக்குவார்கள். நின்றால் விட்டுவிடுவார்கள். இவர் அவனுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். பிடிபட்டதும் பாட்டைப் பைய இறக்கி மூக்குக்குள் கொண்டுபோய்விடுவது. வெளியே கேட்காது. முதுகில் காதை வைத்தால்தான் வண்டு மாதிரி கேட்கும். மூச்சு விட்டுவிட்டான் என்று பிடித்தவர்கள் கை தளரும். அப்போது துள்ளிக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். பாட்டை ஒளிக்கிறது என்று அதற்குப் பேர். இரண்டு பேரும் சமையல்கட்டில் என் முன்னாலேயே பழகுவார்கள். அவன் செத்தவன் மாதிரிக் கிடப்பான். நான் பயந்து போய்க் குனிந்தால் என் காலைத் தொட்டுவிட்டு எழுந்து ஓடுவான்.

1907 மார்கழியோடு பட்டியலை முடிக்கச் சொன்னார். அடுத்த மாசம் தையில்தான் நேசையா ஏரல் ஆற்றுமணலில் பிடிபட்டு மூச்சு நின்று போனான். சாயர்புரத்தில் அத்தை வீட்டுக்கு லீவில் போனவனை ஏரலுக்கு அக்கரைக்காரர்கள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் அந்தச் சமயம் ராதாபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தார். திரும்பும் வழியில் சேதி கேள்விப்பட்டு, அடக்கம் பண்ணிவிட்டு வந்தார். அந்த அவசரத்தில் வண்டியிலிருந்து விழுந்து தோளும் போயிற்று. அதோடு ஆட்டமும் போயிற்று.

அந்த ஒரு தை மாசத்தில் எனக்கு எல்லாம் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

ஆகஸ்டு 30

பட்டியலை நல்ல எழுத்தில் திரும்ப எழுதினேன். எழுபத்தொரு ஆட்டம்.

செப்டம்பர் 6, செவ்வாய்

என்ன எழுதுவது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

மத்தியானம் ஒரு துணி வியாபாரி வந்தார். தலையில் மூட்டை. ஏரல்காரர், நூர்முகம்மது என்று பேர். மில் குடியிருப்பில் வீடு வீடாகத் துண்டும் கைலியும் விற்றுக்கொண்டு வந்தவர், எங்கள் வாசலில் நின்று, "சடுகுடு தேவசிகாமணி அண்ணாச்சி வீடு இதுதானா தாயி?" என்றார். இவர் மில் வாசல் காவலில் இருந்தார். எனக்குப் பெருமை. உள்ளே போய்ப் பட்டியலை எடுத்து வந்து, பதக்கம் தரப்போவதைச் சொல்லி, ஊர் ஊராக வாசித்துக் காட்டினேன். மனுஷர் மோர் குடித்துக்கொண்டே தலையாட்டிக் கேட்டார்.

கடைசியில், "எங்க ஊரை விட்டுட்டியளே" என்றார்.

ஏரலில் அவர் ஆடினதில்லை அண்ணாச்சி என்றேன்.

"என்ன தாயி இப்படிச் சொல்லுதிய. நான் கோட்டோரம் நின்னு பாத்தவன்லா. ராதாபுரத்தான்னு பேரு சொல்லி நாங்கதான் கூட்டியாந்தோம். மில்லுக்குத் தெரியக் கூடாதுல்லா, அதுக்காவ. அக்கரைக்காரப் பையன் ஒருத்தன் செத்தாம்லா, அந்த ஆட்டம். பையன் மூச்சு விட்டுட்டாம்னு எல்லாரும் கையை எடுக்கப் போனாங்க. அண்ணாச்சிதான் 'விட்டுராதீங்கலே, பாட்டு நிக்கல, பாடுதான், பாடுதான்'னாரு. அவரு சொன்னா மறுபேச்சு உண்டுமா? பொறவு பார்த்தா—"

அவன் பேர் நேசையா, என் தம்பி என்றேன்.

அந்த மனுஷர் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனதைப் பார்த்தேன். மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். என்னமோ சொன்னார், அல்லா என்றது மட்டும் காதில் விழுந்தது. மூட்டையை அள்ளிக்கொண்டு போய்விட்டார். விரித்துக் காட்டின துண்டு ஒன்று தரையிலேயே கிடக்கிறது. சிவப்புக் கரை போட்ட துண்டு.

ராதாபுரத்தான். ராதாபுரத்தான். அவர் ராதாபுரத்திலேயே இல்லை.

செப்டம்பர் 7

அடுப்புப் பற்றவைக்கவில்லை. தலைவலி என்றேன். அவர் பழையதைத் தானே பிழிந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். சட்டை போட்டுவிடும்போது அந்தத் தோளைத் தொட்டேன். சுட்டது போல இருந்தது.

செப்டம்பர் 8, வியாழன்

கேட்டுவிட்டேன்.

சங்கு ஊதி வந்தார். கை கால் கழுவினார். துண்டு கொடுத்தேன். அந்தச் சிவப்புக் கரைத் துண்டு. முகம் துடைத்தபிறகுதான் பார்த்தார், புதுத் துண்டு ஏது என்றார். ஏரல் துண்டு என்றேன்.

கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் மடிக்க வரவில்லை. திரும்பத் திரும்ப மடித்தார்.

"யாரு வந்தா?"

சொன்னேன். அவர் கேட்டது எல்லாவற்றுக்கும் சொன்னேன். பிறகு நான் கேட்டேன்.

"நேசையா எதிர்க்கட்சின்னு தெரிஞ்சேதான் இறங்குனியளா?"

"மணல்ல இறங்குனபொறவுதான் பார்த்தேன். அவனும் பார்த்துட்டுச் சிரிச்சான். 'அத்தான், அக்காகிட்ட சொல்லிராதிய'ன்னான். லீவுல போயி ஆடக்கூடாதுன்னு நீ சொல்லி விட்டிருந்தியாம்லா. நீயும் சொல்லாதலேன்னேன்."

"விட்டுராதீங்கன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏன் சொன்னிய?"

"பாட்டை ஒளிக்கான்னு நெனச்சேன். முதுகுல காதை வச்சேன். கேட்ட மாதிரியே இருந்துச்சு, ஏட்டி." பிறகு சொன்னார். "வேற எவன் பிடிச்சிருந்தாலும் விட்டிருப்பான்."

அதற்குப் பிறகு நான்தான் பேசினேன். என்னவெல்லாம் பேசினேன் என்று எழுத மாட்டேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே! ரெண்டரை வருசம்! ரெண்டரை வருசம் என் கையால தின்னுட்டு, நான் அழும்போது பக்கத்துல உட்காந்துக்கிட்டு, கர்த்தர் குடுத்தாரு கர்த்தர் எடுத்தாருன்னு உபதேசியார் சொன்னா தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு—

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மில்லுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று முதலில் பயமாம். பிறகு அந்தப் பயம் போய்விட்டதாம். வேறு பயமாம்.

செப்டம்பர் 11, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 13

அன்றைக்குப் பிறகு சட்டை போட்டுவிடவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு கையை மட்டும் நுழைத்து மற்றதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசலில் மேஸ்திரி ஏசினாராம். இன்று பார்த்தேன், சட்டையைப் பாயில் விரித்து, தானும் மல்லாந்து படுத்து, அதற்குள் நுழையப் பார்க்கிறார். பெரிய ஆண்பிள்ளை. ஆனைக்கால் சங்கிலி. கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி.

பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். ஆற்றில் நின்று யோசித்தேன். நான் குடம் முக்குகிற இந்தத் தண்ணீர் நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ ஏரலுக்குப் போய்ச் சேரும். நேசையா செத்த அன்றைக்கும் இங்கே நின்று இப்படித்தான் முக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. உடம்பில் ஒரு இடத்தில்கூடத் தெரியவில்லையே. எப்படி?

செப்டம்பர் 16

என்னால் முடியாது. இந்த வீட்டில் இந்த மனுஷனோடு முடியாது. சாயர்புரத்துக்கு அத்தையிடம் போய்விடலாம். உபதேசியார் வீட்டம்மா லில்லி வருகிற வாரம் நாசரேத்துக்குப் போகிறாளாம். அவளோடு போனால் ரயிலுக்கும் வண்டிக்கும் துணை. அந்தத் துண்டையும் ஏரலில் கொடுத்துவிட வேண்டும். பிறத்தியார் பொருள்.

போகிறேன் என்றேன். பைய போயிட்டு வா என்றார். வருவேன் என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, சனி. சாயர்புரம்

நேற்று ஏரலுக்குப் போனேன். அதை அப்படியே எழுதுகிறேன்.

லில்லியின் வண்டி எங்களை அங்கே இறக்கிவிட்டது. நூர்முகம்மது அண்ணாச்சி வீட்டைக் கேட்டுக்கொண்டு போனோம். அவர் என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு நின்றார். ஏச வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. துண்டை நீட்டினேன். அவர் வீட்டுக்காரி ஹமீது பீவி அதை வாங்காமல் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

பிறகு ஹமீது பீவி தன் புருஷனைப் பார்த்து, "அரைக் கதையைச் சொல்லி இந்தப் பிள்ளை வயித்துல நெருப்பைப் போட்டுட்டு வந்தியள்ளா. மிச்சத்தையும் சொல்லும்" என்றாள்.

மிச்சமா? மிச்சம் என்ன இருக்கிறது என்று இருந்தது எனக்கு.

அண்ணாச்சி ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணலைக் காட்டினார். வெறும் மணல்தான். வண்ணார் துணி காய்ந்துகொண்டிருந்தது. கோடு இங்கன, பையன் விழுந்தது அங்கன என்றார். கோட்டுக்கும் அவன் விழுந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம்கூட இல்லை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

எட்டுப் பேர் மேலே கிடந்தார்களாம். பாடுதான் பாடுதான் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தவர், திடீரென்று நிறுத்தினாராம். மறுபடியும் முதுகில் காதை வைத்தாராம். பிறகு ஒரு சத்தம். அந்த மாதிரிச் சத்தம் ஆண்பிள்ளை தொண்டையிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை என்றார். எழுந்திருங்க என்று கத்தினாராம். சனங்கள் போட்ட கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. ஆட்டம் என்று நினைத்து இன்னும் அமுக்கியிருக்கிறார்கள். இவர் அடியில் இருந்துகொண்டே ஒவ்வொருத்தனாகப் பிடுங்கி எறிந்தாராம்.

"அவரு மச்சினன்னு எங்களுக்கு அப்பம் தெரியாது. எட்டுப் பேரையும் எடுத்தாரு தாயி. கடைசி ஆளை எடுக்கும்போது தோளு எலும்பு கழண்டது நான் நின்ன எடத்துக்குக் கேட்டுச்சு. கம்பு முறிஞ்ச மாதிரி. வைத்தியரைப் பாரும்வேன்னு கெஞ்சுனோம். கேக்கல. கை தொங்குது, வண்டியில ஏறி, பையனை மடியில போட்டுக்கிட்டாரு. சாயர்புரம் போறவரைக்கும் அவன் முதுகுலேயே காதை வச்சுக்கிட்டு வந்தாருன்னு வண்டிக்காரன் சொன்னான்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஹமீது பீவி பக்கத்தில் உட்கார்ந்தாள். லில்லி ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இதை ஏன் அவர் சொல்லவில்லை? நான் அன்றைக்கு அத்தனை பேச்சுப் பேசினேனே. ஒரு வார்த்தை. தோளு இப்படித்தான் போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கொஞ்சமாவது நிறுத்தியிருப்பேனே. வண்டியில் விழுந்தது, ஆட்டத்தில் சேராது. ஆட்டத்தில் சேராதாம்!

துண்டை ஹமீது பீவி திரும்ப என் மடியிலேயே போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 27

நேசையா கல்லறையில் புல் பிடுங்கினேன். அவனிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்துவிட்டதுலே என்று. அக்காகிட்ட சொல்லிராதிய என்றாயாமே. பாவி, உன் பேச்சை அந்த மனுஷன் காப்பாற்றியிருக்கிறார்.

அப்போதும் கோபம் போகவில்லை. இதையும் எழுத வேண்டும். தோளைக் கொடுத்தால் தம்பி வருவானா? பாடுதான் என்று சொன்ன வாய் அந்த வாய்தானே? மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. நடுக்கோட்டில் நிற்கிறேன்.

அத்தைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 5

அத்தை வீட்டில் எவ்வளவு நாள் இருப்பது? போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் சங்குச் சத்தத்துக்குக் காது காத்திருக்கிறது. இங்கே சங்கு ஏது. யார் அவருக்குச் சட்டை போடுவது என்று நினைத்தேன். நினைத்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

அக்டோபர் 12, புதன்

வந்துவிட்டேன். விக்கிரமசிங்கபுரம். மலையில் மழை, ஆறு கலங்கி ஓடுகிறது. வீடு பெருக்கியிருந்தது. ஒற்றைக் கையால் பெருக்கினது மூலையில் தெரிந்தது. அவர் வந்து என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

நோட்டை எடுத்தேன். பட்டியலின் கடைசியில் ஒரு வரி இடம் இருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். 1908 தை. ஏரல் ஆற்றுமணல். எதிர்க்கட்சியில் நேசையா. காயம், இடது தோள்.

முடிவு என்ற இடத்தில் ஒன்றும் போடவில்லை. என்ன போட?

"யாரு சொன்னா தோளை?" என்றார்.

"எல்லாருக்கும் கேட்டுச்சாம். எனக்குத்தான் கேக்கல."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கினது. நான் போய்த் தொடவில்லை. போக முடியவில்லை. சோறு வடித்துவைத்தேன்.

அக்டோபர் 15

கிருபைராஜ் உபதேசியார் பட்டியலை வாங்க வந்தார். கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதை வாசித்தால் வேறு ஊருக்கு ஆடினது மில்லுக்குத் தெரிந்துவிடும், பதக்கம் போகும், வேலைக்கே மோசம் வரலாம், இந்த ஒரு வரியை விட்டுவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இது என் வேலை இல்லை.

"ஐயா, எழுபத்தொண்ணு வாசிக்கணும்னா அதையும் வாசியும். இல்லேன்னா ஒண்ணுமே வேண்டாம்" என்றார்.

அக்டோபர் 23, ஞாயிறு. அசனப் பண்டிகை

வாசித்துவிட்டார். ஒவ்வொரு ஊருக்கும் மில் ஆட்கள் கை தட்டினார்கள். முன்பல்லுக்குச் சிரித்தார்கள். கடைசி வரி வந்ததும் உபதேசியார் குரல் இறங்கிவிட்டது. கொட்டகையில் சோற்றுக் கரண்டிச் சத்தம்கூட நின்றது. துரைக்குப் புரியவில்லை. மேஸ்திரி குனிந்து காதில் சொன்னார். துரை முகத்தைப் பார்த்தேன், கோபமா துக்கமா தெரியவில்லை.

பதக்கம் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம். வேலை இருக்கிறது. அதுவும் கர்த்தர் தயவு.

பந்தியில் எங்கள் வரிசையில் கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை. பிறகு லில்லி வந்து என் பக்கத்தில் இலையைப் போட்டாள்.

நவம்பர் 20

முந்தாநாள் மில் கட்சிப் பையன்கள் நாலு பேர் வந்து இவரைக் கூப்பிட்டார்கள். தைக்கு அம்பாசமுத்திரத்தோடு ஆட்டம், பழக்கிவிட ஆள் இல்லை. இவர் மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். ஒரு கட்டுக்கு நீங்கள் சம்மதித்தால் வருகிறேன் என்றார். பிடித்தவன் காதுக்குப் பாட்டுக் கேட்கவில்லை என்றால் அந்த நிமிஷமே கையை எடுத்துவிட வேண்டும். ஒளிக்கிறான் என்று நன்றாகத் தெரிந்தாலும் எடுக்க வேண்டும்.

"அப்பம் தோத்துருவோமே அண்ணாச்சி" என்றான் ஒருத்தன்.

"தோக்கணும்" என்றார்.

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு போனார்கள். மறுநாள் திரும்ப வந்து சரி என்றார்களாம்.

டிசம்பர் 9

ஊரில் கேலி. மில்காரன் பிடிச்சா பூப்பறிக்கிற பிடி என்று கடைத்தெருவில் பாட்டே கட்டிவிட்டார்களாம். அவரே வந்து சொன்னார். இந்த மாசத்தில் அவராக வந்து சொன்ன முதல் பேச்சு.

டிசம்பர் 25

அவன் இல்லாத மூன்றாவது கிறிஸ்மஸ். சிவப்புக் கரைத் துண்டை அவருக்குக் கொடுத்தேன். புதுசு வேறு வாங்கவில்லை.

1911 ஜனவரி 14, சனி

ஆட்டத்துக்கு நான் போகவில்லை. ஆற்றுமணல் இனி என்னால் முடியாது. சனங்கள் போடுகிற சத்தம் வீட்டுக்குக் கேட்டது. அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சத்தம் நின்றது. அந்த நிற்கிறதுதான் பயம்.

பொழுது இறங்கும் நேரத்தில் வந்தார். சட்டையெல்லாம் மணல். வாசலிலேயே நின்று, "தோத்துட்டோம்" என்றார்.

எப்படி என்று கேட்டேன். கடைசிப் பாட்டாம். அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருத்தன், இருபது வயசு இருக்குமாம். அஞ்சு பேர் பிடித்துவிட்டார்கள். பாட்டு இறங்கி இறங்கி நின்றுவிட்டது. ஒளிக்கிறான் என்று கோட்டில் நின்ற இவருக்கு நன்றாகத் தெரிந்ததாம், துள்ளுவதற்குக் கால்விரல் மடங்கியிருந்ததாம். எடுங்கலே கையை என்றாராம். எடுத்துவிட்டார்கள்.

"பொறவு?"

"எந்திரிச்சு ஓடிப் போயிக் கோட்டைத் தொட்டுட்டான். சிரிச்சுக்கிட்டே ஓடுதான். திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்கான்."

அதைச் சொல்லும்போது அவர் வாய் கோணிக்கொண்டது. நான் கிட்டப் போனேன். வலது கையை முதலில் எடுத்து, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது கையிலிருந்து சட்டையைப் பைய கழற்றினேன். செப்டம்பருக்குப் பிறகு இன்றுதான். தோளில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் தட்டிவிட்டேன்.

நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டி, ஏரலுக்குக் கீழே எழுதினேன்.

1911 தை. விக்கிரமசிங்கபுரம். தோல்வி. காயம், ஒருவருக்கும் இல்லை.